ஐக்கிய அமெரிக்காவில் சட்டத்துறையும் நிறைவேற்றுத்துறையும்: அதிகாரச் சமநிலை பேணப்படும் விதம்



சனாதிபதி முறை அரசாங்கத்துக்கு உதாரணம் தருமாறு கேட்டால் நீங்கள் தயங்காமல் "ஐக்கிய அமெரிக்கா" என எழுதுவீர்கள். ஆனால் "அந்நாட்டின் சனாதிபதி விரும்பியதையெல்லாம் செய்ய முடியுமா?" என வினாவினால் பலர் தடுமாறுகின்றனர். சிலர், "அவர் உலகிலேயே பலம்மிக்க தலைவர், எனவே முடியும்" என்பர். வேறு சிலர், "வலுவேறாக்கம் உள்ளது, எனவே காங்கிரசும் சனாதிபதியும் ஒருவர் விடயத்தில் ஒருவர் தலையிடுவதில்லை" என்பர். இவ்விரண்டு விடைகளும் முழுமையானவையல்ல. சரியான விடை எது என்பதையும், அது ஏன் சரி என்பதையும் இப்பகுதியில் படிப்படியாக நோக்குவோம்.

1. யாப்புத் தோன்றிய பின்னணி

பிரித்தானிய முடியாட்சிக்கு எதிராகப் போராடி 13 குடியேற்றங்கள் 1776 இல் சுதந்திரப் பிரகடனம் செய்தன. மன்னரின் எதேச்சாதிகாரத்தை அனுபவித்திருந்த அம்மக்கள், இன்னொரு மன்னர் தம்மிடையே உருவாகிவிடக் கூடாது என அஞ்சினர். எனவே 1781 இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு உறுப்புரைகளின்படி மத்தியில் ஒரு காங்கிரஸ் மட்டுமே இருந்தது. தனியான நிறைவேற்றுத் தலைவர் இருக்கவில்லை. அக்காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் இருக்கவில்லை. இதனால் போர்க்கடனைத் தீர்க்கவோ மாநிலங்களிடையேயான வணிகப் பிணக்குகளைத் தீர்க்கவோ மத்திய அரசாங்கத்தால் இயலாது போயிற்று.

இக்குறைபாடுகளை நீக்குவதற்காக 1787 இல் பிலடெல்பியா நகரில் மாநாடு கூடியது. ஜோர்ஜ் வோஷிங்டன் தலைமை தாங்கிய இம்மாநாட்டில் 55 பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். அவர்கள் எதிர்நோக்கிய பிரச்சினை இருபக்கம் கூரானது. பலவீனமான அரசாங்கத்தால் நாட்டைக் காக்க முடியாது. அளவுக்கு மீறிப் பலம்பெற்ற அரசாங்கம் மக்களின் சுதந்திரத்தையே பறித்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி, அரசாங்கத்துக்குத் தேவையான அதிகாரத்தை வழங்கி, அவ்வதிகாரம் ஒருவர் கையில் குவியாதவாறு பிரித்து வைப்பதாகும். பிரான்சிய அறிஞர் மொன்டெஸ்கியூ 1748 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய வலுவேறாக்கக் கோட்பாடு அவர்களுக்குப் பெரிதும் வழிகாட்டியது. 1787 செப்டெம்பர் 17 இல் கைச்சாத்திடப்பட்ட யாப்பு 1789 முதல் நடைமுறையில் உள்ளது. இன்றுவரை அதற்கு 27 திருத்தங்களே செய்யப்பட்டுள்ளன.

2. இரு துறைகளினதும் அமைப்பு

யாப்பின் முதலாம் உறுப்புரை சட்டத்துறை பற்றியது. இரண்டாம் உறுப்புரை நிறைவேற்றுத்துறை பற்றியது. மூன்றாம் உறுப்புரை நீதித்துறை பற்றியது.

சட்டத்துறை (காங்கிரஸ்) இரு சபைகளைக் கொண்டது.

அ. பிரதிநிதிகள் சபை: 435 உறுப்பினர்கள். பதவிக்காலம் 2 ஆண்டுகள். மாநிலங்களின் சனத்தொகைக்கேற்ப ஆசனங்கள் பகிரப்படும். உறுப்பினர் குறைந்தது 25 வயதினராதல் வேண்டும்.

ஆ. செனற் சபை: 100 உறுப்பினர்கள். ஒரு மாநிலத்துக்கு இருவர் வீதம் 50 மாநிலங்களுக்கு. பதவிக்காலம் 6 ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றிலொரு பகுதியினருக்குத் தேர்தல் நடைபெறும். குறைந்த வயது 30. 1913 இல் நிறைவேறிய 17 ஆம் திருத்தத்தின் பின்னர் இவர்கள் மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படுகின்றனர்.

நிறைவேற்றுத்துறையின் தலைவர் சனாதிபதி ஆவார். பதவிக்காலம் 4 ஆண்டுகள். தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 270 ஐப் பெறுபவர் வெற்றி பெறுவார். 1951 இல் நிறைவேறிய 22 ஆம் திருத்தத்தின்படி ஒருவர் இருமுறைக்கு மேல் இப்பதவிக்குத் தெரிவுசெய்யப்பட முடியாது. குறைந்த வயது 35.

இப்பதவிக்காலங்களைக் கவனியுங்கள்: 2, 4, 6. ஒரே நாளில் ஒரே அலையில் எல்லாப் பதவிகளும் ஒரு கட்சியின் கைக்குப் போய்விடாதவாறு இவை அமைந்துள்ளன. செனற் சபையில் மூன்றில் இரண்டு பகுதியினர் எந்தத் தேர்தலிலும் தம் ஆசனத்தில் தொடர்ந்து இருப்பர்.

இரு துறைகளும் ஒன்றிலிருந்து ஒன்று வேறானவை என்பதைப் பின்வருவன காட்டுகின்றன.

• சனாதிபதி காங்கிரசின் உறுப்பினர் அல்லர். அவர் அதைக் கலைக்கவும் முடியாது.
• காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மூலம் சனாதிபதியை நீக்க முடியாது.
• ஒருவர் ஒரே வேளையில் காங்கிரஸ் உறுப்பினராகவும் அமைச்சரவை உறுப்பினராகவும் இருக்க முடியாது. உதாரணமாக, 2009 இல் இராஜாங்கச் செயலாளராகப் பதவியேற்ற ஹிலாரி கிளின்டன் தமது செனற் ஆசனத்தைத் துறக்க வேண்டியிருந்தது.

3. பிரிப்பு மட்டும் போதுமா?

இங்குதான் மாணவர்கள் அதிகம் தவறுவர். ஒரு வீட்டை மூன்றாகப் பிரித்து நடுவே சுவர் எழுப்பியது போல வலுவேறாக்கத்தைக் கற்பனை செய்யாதீர்கள். முற்றாகப் பிரித்துவிட்டால் ஒரு துறை தன் எல்லைக்குள் என்ன அநீதி செய்தாலும் மற்றத் துறைகள் கைகட்டி நிற்க நேரிடும். எனவே யாப்பை வரைந்தோர் ஒவ்வொரு துறையின் கையிலும் மற்றத் துறையைத் தடுக்கக்கூடிய ஒரு கருவியைக் கொடுத்தனர். இதுவே தடைகளும் சமன்பாடுகளும் எனப்படும்.

நினைவிற் கொள்க: வலுவேறாக்கம் என்பது ஆட்களையும் நிறுவனங்களையும் பிரிப்பது. தடைகளும் சமன்பாடுகளும் என்பது பிரிக்கப்பட்ட நிறுவனங்கள் ஒன்றின் கருமத்தில் மற்றொன்று ஓரளவு பங்குகொள்ள இடமளிப்பது. முன்னையது இல்லாமல் பின்னையது இயங்காது.

யாப்பு உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்த ஜேம்ஸ் மடிசனின் வாதம் எளிமையானது. ஆள்வோர் நல்லவராக இருப்பர் என நம்பி மட்டும் ஆட்சிமுறையை அமைக்கக் கூடாது. ஒருவரின் அதிகார ஆசைக்கு மற்றொருவரின் அதிகார ஆசையே தடையாக நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். இனி அக்கருவிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

4. சட்டமியற்றலும் இரத்து அதிகாரமும்

ஒரு சட்டமூலம் இரு சபைகளிலும் ஒரே வடிவில் நிறைவேற வேண்டும். பின்னர் அது சனாதிபதிக்கு அனுப்பப்படும். ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக 10 நாட்களுக்குள் அவர் பின்வருவனவற்றுள் ஒன்றைச் செய்யலாம்.

(i) கையொப்பமிடல்: சட்டமாகும்.
(ii) காரணங்களைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புதல்: இதுவே இரத்து அதிகாரம் (வீற்றோ).
(iii) எதுவும் செய்யாதிருத்தல்: காங்கிரஸ் கூட்டத்தொடரில் இருப்பின் கையொப்பமின்றியே சட்டமாகும். காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் சட்டமூலம் வலுவிழக்கும்.

சனாதிபதி திருப்பி அனுப்பிய சட்டமூலத்தை இரு சபைகளும் தனித்தனியே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் மீண்டும் நிறைவேற்றினால் சனாதிபதியின் விருப்பத்துக்கு மாறாகவே அது சட்டமாகும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எல்லா உறுப்பினர்களும் வாக்களிப்பதாகக் கொள்வோம். பிரதிநிதிகள் சபையில் 290 வாக்குகளும், செனற் சபையில் 67 வாக்குகளும் தேவை. மறுபுறமாகப் பாருங்கள். செனற் சபையில் 34 பேர் மட்டும் சனாதிபதியின் பக்கம் நின்றாலே அவரது மறுப்பு நிலைத்துவிடும். இரு சபைகளிலுமாக உள்ள 535 பேரில் 34 பேர் போதும் என்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை உணர்ந்துகொள்ளுங்கள்.

1933 முதல் 1945 வரை பதவி வகித்த பிராங்ளின் ரூஸ்வெல்ட் 635 தடவைகள் இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தினார். அவற்றுள் 9 மட்டுமே காங்கிரசினால் முறியடிக்கப்பட்டன. எனினும் முறியடித்தல் நிகழாத ஒன்றன்று. 2016 இல் பராக் ஒபாமாவின் மறுப்பொன்றும், 2021 ஜனவரி முதலாந் திகதி டொனால்ட் ட்ரம்பின் மறுப்பொன்றும் அவ்வாறு முறியடிக்கப்பட்டன.

சட்டமூலத்தின் ஒரு பகுதியை ஏற்று மறுபகுதியை மட்டும் சனாதிபதி நீக்க முடியுமா? அதற்கு வழிசெய்யும் சட்டமொன்றைக் காங்கிரசே 1996 இல் நிறைவேற்றியது. ஆனால் அது யாப்பில் கூறப்பட்ட சட்டமியற்றும் முறைக்கு முரணானது என 1998 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு துறை தன் அதிகாரத்தைத் தானாக விரும்பிக் கொடுத்தாலும் யாப்பு அனுமதிக்காவிடின் அது செல்லாது என்பது இதன் படிப்பினையாகும்.

5. நிதி அதிகாரம்

சட்டத்தால் ஒதுக்கப்படாத பணம் எதுவும் திறைசேரியிலிருந்து எடுக்கப்படலாகாது என யாப்புக் கூறுகிறது. சனாதிபதி வரவு செலவுத்திட்டத்தை முன்மொழியலாம். பணத்தை ஒதுக்குவது காங்கிரசே. வருமானம் திரட்டும் சட்டமூலங்கள் பிரதிநிதிகள் சபையிலேயே ஆரம்பிக்க வேண்டும். படை, திணைக்களம், தூதரகம் என எதை நடத்துவதற்கும் பணம் தேவையாதலால், காங்கிரசிடமுள்ள கருவிகளுள் மிக வலிமையானது இதுவேயாகும்.

ஒதுக்கிய பணத்தைச் செலவிடாமல் நிறுத்திவைத்தால் என்ன செய்வது? 1972 இல் நீர் மாசடைதலைத் தடுப்பதற்கான சட்டமூலத்தைச் சனாதிபதி றிச்சர்ட் நிக்சன் மறுத்தார். காங்கிரஸ் அம்மறுப்பை முறியடித்தது. அதன்பின்னரும் அவரது நிருவாகம் அதற்குரிய நிதியின் பெரும்பகுதியை விடுவிக்கவில்லை. இத்தகைய நடவடிக்கைகளுக்கு எதிராகவே காங்கிரஸ் 1974 இல் வரவு செலவு மற்றும் நிதி நிறுத்திவைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஒதுக்கப்பட்ட நிதியைச் சனாதிபதி தன் விருப்பப்படி இல்லாதொழிக்க முடியாது என அது வரையறுத்தது.

காங்கிரசும் சனாதிபதியும் நிதி ஒதுக்கீட்டில் உடன்படாதபோது அரசாங்க அலுவலகங்கள் பகுதியாக மூடப்படும். 1995-96 காலப்பகுதியில் 21 நாட்களும், 2018-19 இல் 35 நாட்களும், 2025 இல் 43 நாட்களும் இவ்வாறான முடக்கம் நீடித்தது. அதிகாரப் போட்டியின் சுமையைச் சம்பளமின்றிக் காத்திருக்கும் சாதாரண ஊழியர்களும் சேவைபெறும் மக்களுமே சுமக்க நேரிடுகிறது. சமநிலைக்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

6. நியமனங்களும் உடன்படிக்கைகளும்

அமைச்சரவைச் செயலாளர்கள், தூதுவர்கள், உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஆகியோரைச் சனாதிபதி பெயர் குறிப்பிடுவார். செனற் சபை பெரும்பான்மை வாக்கால் அங்கீகரிக்க வேண்டும். 1987 இல் சனாதிபதி ரொனால்ட் றீகன் உயர் நீதிமன்றத்துக்குப் பெயர் குறிப்பிட்ட றொபேட் போர்க் என்பவரைச் செனற் சபை 58 இற்கு 42 என்ற வாக்குகளால் நிராகரித்தது.

வெளிநாட்டு உடன்படிக்கைகளுக்கு வாக்களிக்கும் செனற் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரது சம்மதம் வேண்டும். முதலாம் உலகப் போரின் பின்னர் சனாதிபதி வூட்ரோ வில்சன் சர்வதேச சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்று உழைத்தார். ஆயினும் வேர்சேய்ல்ஸ் உடன்படிக்கையைச் செனற் சபை 1919 இலும் 1920 இலும் நிராகரித்தது. அதனால் தன் சனாதிபதியே முன்மொழிந்த சங்கத்தில் ஐக்கிய அமெரிக்கா அங்கத்துவம் பெறவில்லை. வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் கற்ற இந்நிகழ்வுக்குக் காரணம் இவ்வாசகமேயாகும்.

7. போரும் சமாதானமும்

போரைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது. படைகளின் தளபதி சனாதிபதி ஆவார். காகிதத்தில் இப்பிரிப்புத் தெளிவானது, நடைமுறையில் அவ்வாறன்று. ஐக்கிய அமெரிக்கா முறைப்படி பிரகடனம் செய்த போர்கள் ஐந்து மட்டுமே: 1812 இல் பிரித்தானியாவுடனான போர், 1846 இல் மெக்சிக்கோவுடனான போர், 1898 இல் ஸ்பெயினுடனான போர், இரு உலகப் போர்கள். 1950 இல் கொரியாவுக்குப் படைகளை அனுப்பியபோது காங்கிரசின் பிரகடனம் எதுவும் பெறப்படவில்லை.

1964 ஓகஸ்ற்றில் ரொங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஒருவரது எதிர்ப்புமின்றியும், செனற் சபையில் 88 இற்கு 2 என்ற வாக்குகளாலும் நிறைவேறியது. வியட்னாம் போரை விரிவாக்குவதற்குச் சனாதிபதி லின்டன் ஜோன்சன் இதனையே ஆதாரமாகக் கொண்டார். 58,000 இற்கும் அதிகமான அமெரிக்கப் படையினரும், பல இலட்சக்கணக்கான வியட்னாமியரும் அப்போரில் உயிரிழந்தனர்.

இவ்வனுபவத்தின் பின்னர், நிக்சனின் மறுப்பையும் முறியடித்து, 1973 இல் போர் அதிகாரத் தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. இதன்படி படைகளை மோதலில் ஈடுபடுத்தும் சனாதிபதி 48 மணித்தியாலத்துள் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும். காங்கிரஸ் அனுமதிக்காவிடின் 60 நாட்களின் பின் படைகளை மீளப்பெற வேண்டும். அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. எனினும் பின்வந்த சனாதிபதிகள் பலர் இத்தீர்மானம் தம்மை முழுமையாகக் கட்டுப்படுத்தும் என ஏற்றுக்கொள்ளவில்லை. எனவே போர் பற்றிய சமநிலை இன்றும் தீராத விவாதமாகவே உள்ளது.

8. விசாரணையும் குற்றப்பிரேரணையும்

காங்கிரசின் குழுக்கள் நிறைவேற்றுத்துறையின் செயல்களை விசாரிக்கலாம், சாட்சிகளை அழைக்கலாம். பாரதூரமான குற்றம் புரிந்த சனாதிபதிக்கெதிராகக் குற்றப்பிரேரணை கொண்டுவரலாம். இது இரு படிகளைக் கொண்டது.

முதற்படி: பிரதிநிதிகள் சபை சாதாரண பெரும்பான்மையால் குற்றஞ்சாட்டும்.
இரண்டாம் படி: செனற் சபை விசாரிக்கும். உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் தலைமை தாங்குவார். மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி எனத் தீர்மானித்தால் மட்டுமே பதவி பறிபோகும்.

பதவியிலிருக்கும்போது மூன்று சனாதிபதிகள் குற்றஞ்சாட்டப்பட்டுள்ளனர். 1868 இல் அன்ட்ரூ ஜோன்சன் ஒரே ஒரு வாக்குக் குறைவினால் தப்பினார் (35 இற்கு 19). பில் கிளின்டன் 1998 இல் குற்றஞ்சாட்டப்பட்டு 1999 இல் விடுவிக்கப்பட்டார். டொனால்ட் ட்ரம்ப் 2019 இலும் 2021 இலும் குற்றஞ்சாட்டப்பட்டு இருமுறையும் விடுவிக்கப்பட்டார். இதுவரை எந்தச் சனாதிபதியும் இவ்வழியில் பதவி நீக்கப்படவில்லை.

கவனிக்க: வோட்டர்கேற் விவகாரத்தில் சிக்கிய நிக்சன் குற்றப்பிரேரணையால் நீக்கப்பட்டவர் அல்லர். ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 யூலையில் உயர் நீதிமன்றம் 8 நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பால் கட்டளையிட்டது. பிரதிநிதிகள் சபை வாக்களிக்கும் முன்னரே, 1974 ஓகஸ்ற் 9 இல் அவர் பதவி துறந்தார். இந்த வேறுபாடு பரீட்சையில் முக்கியமானது.

9. ஒரு நிகழ்வைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்

மேற்கூறிய கருவிகள் யாவும் ஒரே நிகழ்வில் எவ்வாறு மோதுகின்றன என்பதைப் பின்வரும் உதாரணம் காட்டும்.

படி 1: 2018 இறுதியில் சனாதிபதி ட்ரம்ப் மெக்சிக்கோ எல்லையில் மதில் கட்டுவதற்கு 570 கோடி டொலர் கோரினார். காங்கிரஸ் அதனை ஒதுக்கவில்லை. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அரசாங்கம் பகுதியாக முடங்கியது. ஏறத்தாழ 8 இலட்சம் ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர்.

படி 2: 2019 பெப்ரவரியில் காங்கிரஸ் ஏறத்தாழ 137.5 கோடி டொலரை மட்டும் ஒதுக்கியது. சனாதிபதி அதில் கையொப்பமிட்டார். அதே நாளில், பெப்ரவரி 15 இல், தேசிய அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, வேறு தேவைக்கு ஒதுக்கப்பட்ட பணத்தை மதிலுக்குத் திருப்ப முற்பட்டார்.

படி 3: பிரகடனத்தை முடிவுறுத்தும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 245 இற்கு 182 எனவும், செனற் சபை 59 இற்கு 41 எனவும் நிறைவேற்றின. செனற் சபையில் சனாதிபதியின் சொந்தக் கட்சியினர் 12 பேரும் அதனை ஆதரித்தனர்.

படி 4: மார்ச் 15 இல் சனாதிபதி அத்தீர்மானத்தை மறுத்தார். மார்ச் 26 இல் பிரதிநிதிகள் சபையில் முறியடிப்பு முயற்சிக்கு 248 வாக்குகள் ஆதரவாகவும் 181 எதிராகவும் கிடைத்தன. தேவைப்பட்டது 286. எனவே 38 வாக்குகளால் முயற்சி தோற்றது. பிரகடனம் தொடர்ந்தது. 2021 ஜனவரி 20 இல் பதவியேற்ற ஜோ பைடனே அதனை முடிவுறுத்தினார்.

இரு சபைகளினதும் பெரும்பான்மையினர் எதிர்த்தும் சனாதிபதியின் பிரகடனம் நிலைத்தது ஏன்? இதற்கு விடை காண 1976 இற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு இயற்றப்பட்ட தேசிய அவசரகாலநிலைச் சட்டம், சனாதிபதியின் கையொப்பம் தேவைப்படாத தீர்மானமொன்றின் மூலம் அவசரகாலநிலையை நீக்கும் வசதியைக் காங்கிரசுக்கு அளித்திருந்தது. ஆனால் 1983 இல் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், சனாதிபதிக்குச் சமர்ப்பிக்கப்படாத இத்தகைய தீர்மானங்கள் சட்டவலு உடையவையல்ல எனத் தீர்ப்பளித்தது. எனவே 1985 இல் சட்டம் திருத்தப்பட்டு, சனாதிபதிக்குச் சமர்ப்பிக்கப்படும் கூட்டுத் தீர்மானம் அவசியமாயிற்று. சமர்ப்பித்தால் அவர் மறுப்பார். மறுத்தால் மூன்றில் இரண்டு வேண்டும். ஆகவே அதிகாரத்தைக் கொடுப்பதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும். திரும்பப் பெறுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்படுகிறது. கொடுப்பது எளிது, மீட்பது அரிது.

10. சமநிலை சரிவதற்கான காரணங்கள்

(அ) விரைவு: சனாதிபதி ஒருவர். காங்கிரஸ் 535 பேர். நெருக்கடியில் ஒருவரால் உடனே முடிவெடுக்க முடியும்.

(ஆ) அதிகாரக் கையளிப்பு: பரந்த சொற்களில் சட்டமியற்றி, விபரங்களை நிறைவேற்றுத்துறையிடம் விட்டுவிடும் வழக்கம்.

(இ) நிறைவேற்றுக் கட்டளைகள்: சட்டமியற்றாமலே நிருவாகத்துக்குச் சனாதிபதி பணிப்புரை வழங்கல். ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. 1952 ஏப்ரலில் கொரியப் போர்க் காலத்தில் வேலைநிறுத்தத்தைத் தவிர்ப்பதற்காக உருக்கு ஆலைகளைப் பொறுப்பேற்குமாறு சனாதிபதி ஹரி ட்ரூமன் கட்டளையிட்டார். அதற்குச் சட்ட ஆதாரம் இல்லையென யூன் 2 இல் உயர் நீதிமன்றம் 6 இற்கு 3 எனத் தீர்ப்பளித்தது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பி ஒப்படைத்தார்.

(ஈ) கட்சிப் பற்று: ஒவ்வொரு சபையும் தன் அதிகாரத்தைத் தானே காத்துக்கொள்ளும் என மடிசன் எதிர்பார்த்தார். ஆனால் உறுப்பினர்கள் தம் சபையைவிடக் கட்சியைப் பெரிதாகக் கருதும்போது, தம் கட்சிச் சனாதிபதியைத் தடுக்கத் தயங்குவர். எதிர்க்கட்சி காங்கிரசைக் கைப்பற்றும்போது தடைகள் பலமடையும். ஆனால் ஆட்சி இழுபறிக்குள்ளாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். யாப்பு கருவிகளைத் தரும். அவற்றைப் பயன்படுத்த வேண்டியவர் மனிதர். பயன்படுத்தாத கருவி துருப்பிடிக்கும்.

11. இலங்கையுடன் சுருக்கமான ஒப்பீடு

இரு நாடுகளிலும் மக்களால் தெரிவாகும் நிறைவேற்றுச் சனாதிபதி உள்ளார். எனினும் "இலங்கை முறை அமெரிக்க முறையே" என எழுதுவது தவறாகும். 1978 யாப்பின்படி:

• அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே நியமிக்கப்படுவர். அமெரிக்காவில் அவ்வாறன்று.
• யாப்பின் வரையறைகளுக்குட்பட்டுச் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்கலாம். அமெரிக்காவில் முடியாது.
• சட்டமூலம் சபாநாயகரின் சான்றுரையுடன் சட்டமாகும். சனாதிபதிக்கு அமெரிக்காவில் உள்ளது போன்ற இரத்து அதிகாரம் இல்லை.
• சனாதிபதிக்கெதிரான குற்றப்பிரேரணையில் உயர் நீதிமன்ற விசாரணை இடம்பெறும். அமெரிக்காவில் விசாரிப்பது செனற் சபையாகும்.

12. மாதிரி வினாக்கள்

1. சனாதிபதி மறுத்த சட்டமூலமொன்றைச் சட்டமாக்கத் தேவையானது
(1) செனற் சபையின் சாதாரண பெரும்பான்மை
(2) இரு சபைகளினதும் சாதாரண பெரும்பான்மை
(3) செனற் சபையின் மட்டும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை
(4) இரு சபைகளிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பெரும்பான்மை

2. பின்வருவனவற்றுள் செனற் சபைக்கு மட்டும் உரியது
(1) வருமானச் சட்டமூலங்களை ஆரம்பித்தல்
(2) நீதியரசர் நியமனங்களை அங்கீகரித்தல்
(3) சனாதிபதிக்கெதிராகக் குற்றஞ்சாட்டுதல்
(4) போர்ப் பிரகடனம் செய்தல்

விடைகள்: 1 - (4), 2 - (2)

3. "ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பலம்மிக்கவர், ஆனால் தனித்தவர் அல்லர்." இக்கூற்றை ஆராய்க.

விடை எழுதும் முறை: முதலில் சனாதிபதியின் பலங்கள் மூன்றைக் குறிப்பிடுக (இரத்து அதிகாரம், படைத் தலைமை, நிறைவேற்றுக் கட்டளை). அடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரான தடையைச் சோடியாக எழுதுக (மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் முறியடித்தல், போர்ப் பிரகடனமும் நிதியும், உயர் நீதிமன்றத் தீர்ப்பு). ஒவ்வொரு சோடிக்கும் ஆண்டுடன் ஓர் உதாரணம் தருக. ஈற்றில், தடைகள் தாமாக இயங்குவதில்லை என்பதை 2019 நிகழ்வைக் கொண்டு நிறுவி முடிவுரை எழுதுக. அதிகாரங்களை வெறுமனே பட்டியலிடும் விடையைவிட, அதிகாரத்தையும் அதற்கான தடையையும் இணைத்துக் காட்டும் விடைக்கே அதிக புள்ளிகள் கிடைக்கும்.

மாணவர்களே, ஆண்டுகளையும் வாக்கெண்ணிக்கைகளையும் மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஆட்சிமுறையைக் கற்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இந்த அதிகாரம் யாரிடம் உள்ளது? அவரைத் தடுக்கக்கூடியவர் யார்? அவர் தடுக்காவிடின் பாதிக்கப்படுபவர் யார்? இக்கேள்விகள் பரீட்சை மண்டபத்தில் மட்டுமன்றி, வாக்குரிமை பெறும் நாளிலும் உங்களுக்கு உதவும்.